குடியானவரைக் கணக்கில் எழுதிய மன்றோ

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு முக்கியமான பயிர்.

கரும்பு நடுகிறவர் கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், முதலில் பட்டா கேட்பார்கள். பிறகு சிட்டா, அடங்கல். நிலத்தை விற்றாலும் பட்டா வேண்டும். வாங்கினாலும் பட்டா வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டாலும் பட்டாவில் பெயர் மாற வேண்டும். பட்டா இல்லாவிட்டால், பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலம் என்று சொன்னாலும் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பட்டா முறைக்கும், கலெக்டர் கையில் குவிந்திருக்கும் அதிகாரத்துக்கும் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அவர் இறந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெயர் தாமஸ் மன்றோ.

வெள்ளையர் ஆட்சி 1947-ல் கப்பலேறிப் போய்விட்டது. மன்றோ போட்ட கணக்குப் புத்தகம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறியவர்களின் வாழ்வு ஒரு விதமாகவும், ஏறாதவர்களின் வாழ்வு வேறு விதமாகவும் போயிற்று.

நொடித்த குடும்பம்

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் அலெக்சாண்டர் மன்றோ ஒரு வியாபாரி. அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியாவிலிருந்து புகையிலை வாங்கி விற்கும் தொழில்.

சிறு வயதில் மன்றோவுக்கு அம்மை கண்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் காது சிறிது மந்தமாகிவிட்டது. அந்தக் குறை கடைசி வரை இருந்தது. படிப்பில் ஆசை அதிகம். ஒரு நல்ல கதைப் புத்தகத்தை அதன் சொந்த மொழியிலேயே படிக்க வேண்டும் என்பதற்காக, ஸ்பானிஷ் மொழியைத் தாமாகவே கற்றுக்கொண்டார்.

அப்போது அமெரிக்கர்கள் இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்துப் போர் தொடங்கினார்கள். வர்ஜீனியா வியாபாரம் படுத்தது. மன்றோ குடும்பம் நொடித்தது. வீட்டுக்கு உதவ வேண்டிய பிள்ளை, கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தின் ஆட்சி அமெரிக்காவில் சரிந்தது. அதனால் கெட்ட ஒரு குடும்பத்தின் பையன், அதே ஆட்சியை இந்தியாவில் நிலைநாட்ட வந்து சேர்ந்தான்!

1780-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் சென்னையில் கரை இறங்கினார். வயது 18.

சிப்பாய் வாழ்க்கை

வந்த ஆண்டிலேயே ஐதர் அலி கர்நாடகச் சீமைக்குள் படையோடு புகுந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையின் ஒரு பிரிவை அடியோடு அழித்தார். மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்தது. இந்தச் சண்டைகளின் நடுவில்தான் மன்றோ தொழில் கற்றார்.

வாழ்க்கை சுகமாக இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் அவருக்குத் தலையணை கூடக் கிடையாது. புத்தகத்தையோ, தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துப் படுத்தார். கட்டில் என்பது நான்கு கொம்புகளில் இழுத்துக் கட்டிய ஒரு கித்தான் துணி. இதை அவரே வீட்டுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மற்ற சிப்பாய் அதிகாரிகள் சீட்டாடிக் கொண்டிருந்த நேரத்தில், அவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். அந்தப் படிப்பே அவரைப் பட்டாளத்திலிருந்து வரி வேலைக்குக் கொண்டுவந்தது.

பாராமகால்

தென்பெண்ணை மூங்கில்துறைப்பட்டை அடையுமுன், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வழியாக ஓடி வருகிறது. ஆற்றின் அந்த மேல் சீமைக்குப் பாராமகால் என்று பெயர். அது திப்பு சுல்தான் கையில் இருந்தது. 1792-ல் நடந்த உடன்படிக்கையின்படி திப்பு அதைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

கம்பெனியின் சிவில் அதிகாரிகளில் பலருக்கு நாட்டு மொழி தெரியாது. ஆகவே காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியைப் பாராமகாலுக்கு அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக மன்றோ, மக்லியாட், கிரஹாம் ஆகிய மூவர் போனார்கள். மன்றோ தர்மபுரியில் தங்கினார். அங்கே ஒரு தோட்டம் போட்டார். பின்னாளில் எத்தனையோ பெரிய பதவிகளுக்குப் போன பிறகும், அந்தத் தோட்டத்தை விட்டு வந்ததற்காக வருந்தினார்.

அதுவரை ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை விதிப்பது வழக்கம். நாட்டாமையோ, குத்தகை எடுத்தவரோ அதை வசூலித்துக் கட்டுவார். எளியவனிடம் கூடுதலாகப் பிடுங்கினாலும் கேட்பார் இல்லை.

ரீடும் மன்றோவும் வேறு வழியில் போனார்கள். வயல் வயலாக அளந்தார்கள். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் தீர்வை போட்டார்கள். அந்தத் தீர்வையைக் கட்ட வேண்டிய குடியானவரின் பெயரை நேரே கணக்கில் எழுதினார்கள். அவர் கையில் பட்டா கொடுத்தார்கள். பட்டா என்ற சொல் முன்பே உண்டு. ஆனால் சர்க்காருக்கும் ஒவ்வொரு குடியானவருக்கும் நேரடியாக ஏற்படும் ஒப்பந்தமாக அதை ஆக்கியது இந்த முறைதான். ரயத் என்றால் குடியானவர். அதனால் இதற்கு ரயத்துவாரி என்று பெயர் வந்தது.

நடுவில் நின்று பிடுங்கியவர் போனார். அது நன்மை. ஆனால் சர்க்காரே நேராக வாசலில் வந்து நின்றது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கிஸ்தியை ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். கையில் ரொக்கம் இல்லாதவர் வட்டிக்கடைக்குப் போனார்.

நெசவாளிக்குக் காவல்

பாராமகாலில் மன்றோ இன்னொன்றையும் கண்டார். கம்பெனிக்குத் துணி வேண்டும். அதைக் கொள்முதல் செய்யும் ஆட்கள் நெசவாளிகளில் முக்கியமானவர்களை ஓரிடத்தில் கூட்டுவார்கள். கம்பெனிக்கு மட்டுமே துணி தருவதாக ஒப்புக்கொள்ளும் வரை, அவர்களைச் சுற்றிக் காவல் போடுவார்கள். முன்பணம் வாங்கிவிட்டால், பிறகு விடுதலை கிடைப்பது அரிது.

வியாபாரம் என்ற பெயரில் நடந்த இந்தக் கொடுமையை மன்றோ மறைக்கவில்லை. பிற்பாடு, 1813-ல், இங்கிலாந்துப் பார்லிமெண்டில் சாட்சி சொன்னபோது இதை வெளிப்படையாகச் சொன்னார்.

80 பாளையக்காரர்கள்

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு போரிட்டு மாண்டார். மன்றோ கன்னடக் கடற்கரைச் சீமைக்குக் கலெக்டராகப் போனார். 1800-ல் ஐதராபாத் நிஜாம், பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை, கர்நூல் பகுதிகளைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவை மன்றோவின் பொறுப்பில் விடப்பட்டன.

அங்கே ஏறக்குறைய 80 பாளையக்காரர்கள் கோட்டையும் படையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மன்றோ அவர்களை ஒடுக்கினார். படைகள் கலைந்தன. ஏழு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் கூடாரத்திலேயே வாழ்ந்தார். ஊர் ஊராகப் போனார். குடியானவர்கள் சொன்ன குறைகளைத் தாமே கேட்டார். அந்தச் சீமையில் பல குடும்பங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தன.

ஆனால் தீர்வை கடுமை. விளைச்சலில் 100-க்கு 45 பங்கு சர்க்காருக்கு என்று கணக்குப் போடப்பட்டது. இது தாங்காது என்று மன்றோவே உணர்ந்தார். 1807-ல் ஊருக்குத் திரும்புமுன், தீர்வையில் கால் பங்கைக் குறைக்கும்படி எழுதினார். மேலே இருந்தவர்கள் அப்போது கேட்கவில்லை.

ஏலம் போன பாராமகால்

வங்காளத்தில் 1793 முதல் ஜமீன் முறை இருந்தது. சர்க்காருக்கு நிரந்தரமாக ஒரு தொகையை ஜமீன்தார் கட்டுவார். குடிகளிடம் அவர் வசூலித்துக்கொள்வார். அதையே சென்னை மாகாணத்திலும் கொண்டுவர 1802-ல் சட்டம் செய்தார்கள். மன்றோ பாடுபட்ட பாராமகாலும், சேலமும் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்த மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்தார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1801-ல், ஆற்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனி கைக்கு வந்திருந்தது. தென்னார்க்காடும் அதில் அடக்கம். மூங்கில்துறைப்பட்டும் கள்ளக்குறிச்சியும் அப்படித்தான் கம்பெனியின் கணக்கில் சேர்ந்தன.

ஜமீன் முறையா, ரயத்துவாரியா என்று லண்டனில் பெரிய வாதம் நடந்தது. மன்றோ ரயத்துவாரிக்காக வாதாடினார். கடைசியில் அவர் பக்கம் வென்றது.

கலெக்டர் கையில் எல்லாம்

1814-ல் மன்றோ ஜேன் காம்பெல் என்ற பெண்ணை மணந்துகொண்டு மீண்டும் சென்னைக்கு வந்தார். நீதி நிர்வாகத்தைத் திருத்தும் குழுவுக்கு அவர் தலைவர். 1816-ல் புதிய சட்டங்கள் வந்தன. போலீசும், மாஜிஸ்திரேட் அதிகாரமும் கலெக்டர் கைக்கு மாறின. வரி வாங்குகிறவரே குற்றமும் விசாரிப்பார் என்று ஆயிற்று.

சிறு வழக்குகளைத் தீர்க்கக் கிராமத்தில் முன்சீப் ஏற்பட்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் செல்வாக்கோடு இருந்த கிராம முன்சீப் பதவியின் வேர் இதுதான். கிராம முன்சீப்பும் கர்ணமும் 1980 நவம்பரில்தான் ஒழிந்தார்கள். அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அதிகாரி வந்தார்.

கலெக்டர் மட்டும் போகவில்லை. வரி வசூலிப்பவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். இன்று மாவட்டத்தின் வளர்ச்சி வேலை, வெள்ள நிவாரணம், தேர்தல் எல்லாம் அவர் பார்வையில்தான் நடக்கின்றன. திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் மனுவோடு அவர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாக் குறைக்கும் ஒரே துரையிடம் போய் நிற்கும் பழக்கம் அந்த நாளில் ஏற்பட்டது.

கவர்னர் மன்றோ

1820-ல் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும் பகுதியில் நிலைபெற்றது. 1807-ல் தாம் கேட்டுக் கிடைக்காத தீர்வைக் குறைப்பை, நிஜாம் கொடுத்த அந்தச் சீமைக்குக் கொடுக்கச் செய்தார்.

1822-ல் மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். கலெக்டர்கள் அனுப்பிய கணக்கின்படி 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். வெள்ளைக்காரர் பள்ளி வருமுன்பே ஊர்த் திண்ணையில் படிப்பு இருந்தது என்பதும், அது பெண்களுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறது. மாவட்டத்திலும் தாலுக்காவிலும் சர்க்கார் பள்ளிகள் வைக்க அவர் திட்டம் போட்டார். அவருக்குப் பின் அது கைவிடப்பட்டது.

இந்தியர்களுக்குப் பெரிய பதவிகள் கொடுக்க வேண்டும், ஒரு நாள் ஆட்சியை அவர்களிடம் விட்டுப் போக வேண்டிவரும் என்று 1824-ல் எழுதினார். அந்தக் காலத்தில் ஒரு கவர்னர் இப்படி எழுதியது அபூர்வம். அதே மன்றோதான் 1822-ல், பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தால் அந்நிய ஆட்சி நிற்காது என்று எழுதி அதை எதிர்த்தார். குடியானவரிடம் அன்பும், ஆட்சியை விடாத பிடிவாதமும் ஒரே மனிதரிடம் இருந்தன.

கடைசிப் பயணம்

1827-ல் ஊருக்குப் புறப்படுமுன், தாம் ஏழு ஆண்டுகள் சுற்றிய சீமையை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டார். போன இடத்தில் காலரா பரவியிருந்தது. கர்நூலைச் சேர்ந்த பட்டிகொண்டாவில், ஜூலை 6-ந் தேதி அவர் காலராவில் இறந்தார். வயது 66. குத்தியில் அடக்கம் செய்தார்கள். பின்னர் உடலைச் சென்னைக் கோட்டையிலுள்ள மாதா கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

சென்னையில் தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்த மன்றோவின் வெண்கலச் சிலை நிற்கிறது. லண்டன் சிற்பி சாந்திரி செய்தது. 1839-ல் நிறுத்தப்பட்டது. குதிரைக்குச் சேணம் இல்லையே என்று ஜனங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

கிட்டியும் பஞ்சமும்

மன்றோ போன பின் அவர் முறை வளர்ந்தது. அதன் கொடுமையும் வளர்ந்தது. கிஸ்தி வசூலிக்கக் கீழ் அதிகாரிகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 1855-ல் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் தண்டனை எல்லாம் அதில் உண்மை என்று தெரிந்தன. வரியும் போலீசும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். பல லட்சம் பேர் மாண்டார்கள். சேலம் மாவட்டம் மிகவும் அடிபட்டது. ரொக்கமாகவே கிஸ்தி கட்டிப் பழகிய குடியானவர்களின் களஞ்சியம் பஞ்சம் வருமுன்பே காலியாக இருந்தது.

ஆனாலும் ஜமீன் சீமைகளின் கதி இன்னும் மோசம். அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2005-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வெள்ளையர் காலத்தில் ஜமீன்தார் கையில் இருந்த மாவட்டங்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலிலும், பள்ளி, ஆஸ்பத்திரி வசதியிலும் பின்தங்கியே இருந்தன என்று கண்டார்கள். ஜமீன்தார் போன பிறகும், பணக்காரருக்கும் ஏழைக்கும் நடுவே அவர் காலத்தில் விழுந்த பிளவு ஆறவில்லை.

கணக்கில் ஏறாதவர்கள்

மன்றோவின் கணக்கில் நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவர் பெயர் ஏறியது. அந்த நிலத்தில் நாற்று நட்ட பண்ணையாள் பெயர் ஏறவில்லை. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்கள், கணக்கு எழுதிய பின் எழுத்தாலும் நிலம் இல்லாதவர்கள் ஆனார்கள்.

செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அவர்கள் நிலைமையை எழுதினார். 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு போட்டது. அதுதான் பஞ்சமி நிலம். அதில் பெரும் பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்கும் போராட்டம் இன்னும் முடியவில்லை.

மலை மேல் வராத பட்டா

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை தெரிகிறது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தினை, சாமை விதைக்கிறார்கள். ஆற்றங்கரைச் சமவெளியில் வயலுக்கு வயல் சங்கிலி போட்டு அளந்த வெள்ளையர் ஆட்சி, மலையைப் பரம்பரை ஜாகீர்தார்கள் கையிலேயே விட்டுவைத்தது. மலை மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கட்டினார்கள். சர்க்கார் கணக்கில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

நாடு விடுதலை அடைந்தது. 1948-ல் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பது அதன் பெயர். மன்றோவின் சொல் சுதந்திர நாட்டின் சட்டத்தின் நெற்றியிலேயே ஏறிவிட்டது! 1963-ல் இனாம் நிலங்களுக்கு வந்த சட்டத்திலும் அதே சொல். இத்தனைக்கும் பிறகு, கல்வராயன் மலையின் ஜாகீர்கள் சர்க்கார் கைக்கு வந்தது 1976-ல்தான். மன்றோ பாராமகாலில் கால் வைத்து 184 ஆண்டுகள் கழித்து!

காட்டில் வாழும் மக்களுக்கு நில உரிமை தரும் சட்டம் 2006-ல் வந்தது. கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. பட்டா வேண்டும், பாதை வேண்டும், பள்ளி வேண்டும் என்பவை மலை மக்களின் நெடுநாள் கோரிக்கைகள்.

பேரேட்டில் ஒரு வரி

இன்றும் ஒவ்வொரு தாலுக்காவிலும் ஆண்டுக்கு ஒரு முறை ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்கு இன்னும் பசலி ஆண்டில் எழுதப்படுகிறது. ஜூலை மாதம் பிறக்கும் புதுப் பசலியை அறிய, ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழிக்க வேண்டும். பசலி மொகலாயர் கொடுத்தது. தாசில்தார் என்ற சொல்லும் அந்தக் காலத்தது. கலெக்டர் வெள்ளையர் கொடுத்தது. கம்ப்யூட்டரில் பட்டா வந்துவிட்டது. ஆனாலும் அதில் கேட்கும் கேள்வி, தர்மபுரியில் மன்றோ கேட்ட அதே கேள்விதான்: இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு நடுகிறவர் பட்டாவைக் காட்டி அதற்குப் பதில் சொல்லிவிடுவார். அவர் வயலில் கரும்பு வெட்டும் கூலிக்காரர்களில் பலருக்கும், மலையில் சாமை விதைக்கும் பலருக்கும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. அவர்கள் பெயரையும் அந்தப் பேரேட்டில் எழுதும் வேலை, மன்றோ காலத்திலிருந்து பாக்கி நிற்கிறது. வெள்ளையர் விட்டுப்போன பேனா இப்போது நம் சர்க்கார் கையில்தான் இருக்கிறது.